குதிரையேற்றம்: எங்கள் லாயத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் ஏழு குதிரைகளோடு ஒரு சின்ன லாயம் இருக்கிறது. சனி, ஞாயிறு காலைகளில் அங்கே உதவிக்குப் போகிறேன். பிறந்தது தோட்டத்து லயத்து வீட்டில், இப்போது கிடப்பது லாயத்தில். நடுவில் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம் என்று என் மாமா கிண்டல் செய்வார். லாயத்துக்கு வரும் நம் ஆட்கள் பலர் மாடு வளர்த்த வீட்டுக்காரர்கள். என் அப்பாவும் பால்மரம் வெட்டிவிட்டு வந்து நாலு மாடு பார்த்தவர். அதனால் கேள்விகளிலும் மாடு வரும், என் பதில்களிலும் வரும்.

இந்தக் குதிரைகள் எல்லாம் எங்கிருந்து வந்தவை?

பெரும்பாலும் பந்தயத்தில் ஓடி ஓய்ந்தவை. ஈப்போவில் பேராக் டர்ஃப் கிளப் நமக்கு அரை மணி நேரத் தூரம். பினாங்கில் 1864-லேயே பந்தயக் கிளப் தொடங்கிவிட்டார்கள். சிங்கப்பூரில் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி நடந்தது. இந்த வட்டாரத்தில் ஓடுபவை அநேகமாக ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்த தோரோபிரெட் இனம். எந்த மாதத்தில் பிறந்திருந்தாலும் அவற்றுக்கெல்லாம் ஆகஸ்ட் 1 அன்றுதான் ஒரு வயது கூடும். இரண்டு, மூன்று வயதில் ஓடத் தொடங்கி, பத்து வயதுக்குள் பந்தயத்தை விட்டு வெளியே வந்துவிடும். ஆயுளோ இருபத்தைந்து வருடத்துக்கு மேலேயும் போகும். மிச்சக் காலத்துக்கு அதற்கு ஒரு வீடும் வேலையும் வேண்டுமல்லவா, அதுதான் எங்களைப் போன்ற லாயங்கள்.

இவை தவிர 'குடா பாடி' என்று மலாய்க்காரர்கள் சொல்லும் குட்டைக் குதிரைகள் இரண்டு இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அவைதான். சபாவில் கோத்தா பெலூட் பக்கம் பஜாவ் மக்கள் இன்றும் திருவிழாவுக்கு அலங்கரித்து ஏறி வருவதும் இப்படிப்பட்ட சிறிய குதிரைகளில்தான்.

பந்தயக் குதிரையிடம் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தால் நிற்கும் என்று நாம் நினைப்போம். அது அந்தப் பிடியில் சாய்ந்துகொண்டு ஓடப் பழகியது. பயத்தில் இழுக்க இழுக்க வேகம்தான் ஏறும். அதனால் புதிதாக வருபவரை அதில் ஏற்ற மாட்டோம், எத்தனை தடவை கேட்டாலும் சரி.

எந்த வயதில் தொடங்கலாம்? எனக்கு 46 ஆகிறது, தொந்தியும் இருக்கிறது.

ஐந்தாறு வயதுப் பிள்ளையைக் குட்டைக் குதிரையில் உட்கார வைத்து ஒருவர் கயிறு பிடித்து நடத்தலாம். சொல்வதைக் கேட்டு, கையும் காலும் தனித்தனியாக வேலை செய்து, பாடமாகக் கற்க எட்டு வயதாவது ஆகட்டும். மேல் வரம்பு இல்லை. இடுப்பும் முட்டியும் ஒத்துழைத்தால் அறுபதிலும் வரலாம்.

கணக்குப் பார்க்க வேண்டியது எடையைத்தான். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான அளவு. 450 கிலோ குதிரை என்றால் 90 கிலோ. சேணத்துக்கு ஒரு எட்டு கிலோ கழித்தால் உங்களுக்கு 82. வயதான குதிரைக்கும், முதுகு மெலிந்த குதிரைக்கும், ஏறி உட்காரத் தெரியாத ஆளுக்கும் இன்னும் குறைத்துக்கொள்வோம். வாசலில் தராசு வைத்திருக்கிறோம். முகம் சுளிக்காமல் ஏறி நில்லுங்கள். எடை கூடுதலாக இருந்தால் தரையில் நின்று கற்பதற்கே மூன்று மாதத்துக்கு விஷயம் இருக்கிறது.

என்ன உடுத்திக்கொண்டு வர வேண்டும்?

நீளக் கால்சட்டை, கணுக்காலை மூடும் பூட்ஸ். அந்தப் பூட்ஸுக்கு இரண்டு சென்டிமீட்டராவது குதிகால் உயரம் வேண்டும், அப்போதுதான் கால் அங்கவடிக்குள் (சேணத்திலிருந்து தொங்கும், கால் வைக்கும் வளையம்) வழுக்கி உள்ளே போகாது. தோட்டத்தில் போடும் ரப்பர் பூட்ஸ் வேண்டாம். அதன் அடிப்பாகம் தடித்து, பள்ளம் பள்ளமாக இருக்கும். விழும்போது அங்கவடியில் மாட்டிக்கொண்டால் குதிரை உங்களை இழுத்துக்கொண்டு ஓடும். பூட்ஸின் அகலத்தைவிட அங்கவடி இரண்டரை சென்டிமீட்டர் அகலமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்போம்.

மோட்டார் ஹெல்மெட் கொண்டுவந்து "இதுவும் ஹெல்மெட்தானே" என்பவர்கள் வாரத்துக்கு ஒருவர் உண்டு. அது கனம், கழுத்தை இழுக்கும், பின்னால் திரும்பிப் பார்க்க விடாது. குதிரையேற்றத்துக்கென்று செய்த ஹெல்மெட் எங்களிடமே இருக்கிறது. ஒரு தடவை தலை தரையில் மோதிவிட்டால் அந்த ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். வெளியே கீறல் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கும்.

ஜப்பான் சிலிப்பர் கூடவே கூடாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. முதல் மாதம், "சும்மா தண்ணீர் வைத்துவிட்டுத்தானே வரப் போகிறேன்" என்று சிலிப்பரோடு உள்ளே போனேன். ஈயை விரட்டக் காலைத் தூக்கிய குதிரை, திரும்ப வைத்தது என் பெருவிரல் மேல். கத்திக்கொண்டே காலைப் பிடித்து இழுக்கிறேன், அது அசையவில்லை. லாயத்து முதலாளி, நாங்கள் பாக் என்று கூப்பிடுபவர், பதறாமல் வந்து குதிரையின் தோளில் தன் தோளைக் கொடுத்து மெல்லச் சாய்த்தார். பாரம் மறுகாலுக்குப் போனது, என் கால் வெளியே வந்தது. நகம் கறுத்து விழுந்து மறுபடி முளைக்க ஆறு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

முதல் நாளே ஏற விடுவீர்களா?

அநேகமாக மாட்டோம். முதல் நாள் குதிரையிடம் எப்படிப் போவது என்பதுதான் பாடம்.

அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றியுள்ள எல்லாமே அதற்குத் தெரியும். தெரியாத இடங்கள் இரண்டு: மூக்குக்கு நேர் கீழே, வாலுக்கு நேர் பின்னே. மாட்டைப் பின்னாலிருந்து தட்டி ஓட்டிப் பழகிய கை, குதிரையிடமும் பின்னாலேயே போகும். அங்கேதான் உதை வாங்குவது. இடது தோளைப் பார்த்து, சற்றுப் பக்கவாட்டில், பேசிக்கொண்டே போங்கள். என்ன பேசுவது என்று ஒரு பையன் கேட்டான். வாய்ப்பாடு சொல்லு என்றேன். பதினாறாம் வாய்ப்பாடு வரை குதிரை பொறுமையாகக் கேட்டது, அவன்தான் தடுமாறினான்.

அடுத்து காது. இரண்டும் முன்னால் என்றால் எதையோ கவனிக்கிறது. ஒன்று உங்கள் பக்கம் என்றால் உங்களைக் கேட்கிறது. இரண்டும் பின்னால் மடிந்து கழுத்தோடு ஒட்டிக்கொண்டால் விலகிவிடுங்கள். கோலாலம்பூரில் இஸ்தானா நெகாரா வாசலில் குதிரைமேல் காவலர் நிற்பாரே, அங்கே படம் எடுத்துக்கொள்பவர்களைக் கவனியுங்கள். கேமராவைப் பார்ப்பார்கள், குதிரையின் காதைப் பார்க்க மாட்டார்கள்.

அப்புறம் தேய்ப்பு. ரப்பர் சீப்பால் வட்ட வட்டமாகத் தேய்த்து அழுக்கைக் கிளப்பி, பிரஷ்ஷால் முடி போகும் திசையில் தள்ளுவது. சேணம் உட்காரும் இடத்தில் ஒரு சின்ன மண்கட்டி இருந்தாலும் உங்கள் எடையோடு சேர்ந்து அது புண்ணாகும். கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் சொறிந்துகொடுத்தால் மேலுதடு நீண்டு துடிக்கும். அந்த உதட்டைப் பார்த்தவர்கள் அடுத்த வாரமும் வந்துவிடுகிறார்கள்.

மாடு வளர்த்த அனுபவம் இருக்கிறது. குதிரைக்கு அது போதாதா?

பாதிக்கு உதவும். விடியற்காலையில் எழுவது, சாணி அள்ளக் கூசாதது, வாயில்லா ஜீவனின் முகத்தைப் பார்த்தே இன்று சரியில்லை என்று கண்டுபிடிப்பது, இதெல்லாம் வீட்டிலேயே வந்திருக்கும். தீனி விஷயத்தில் மட்டும் அதே அனுபவம் குதிரையைக் கொன்றுவிடும்.

மாட்டுக்கு நாலு அறை வயிறு. மடமடவென்று தின்றுவிட்டு, படுத்து அசை போடும். குதிரைக்கு வயிறு உடம்புக்குச் சம்பந்தமில்லாத அளவுக்குச் சின்னது, பத்துப் பன்னிரண்டு லிட்டர்தான் பிடிக்கும். அசை போடாது. புல் செரிப்பது பின்னால் பெருங்குடலில். அதோடு, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தப்பானது ஒன்று உள்ளே போனால் முன்வழியாகத் திரும்பாது. அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க, நார்ச்சத்துள்ளதைத் தின்றுகொண்டே இருக்க வேண்டும்.

மாட்டுத் தீவனமும் கோழித் தீவனமும் குதிரையின் பக்கத்திலேயே வரக் கூடாது. அவற்றில் சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்தைக் கலக்கிறார்கள். மாட்டுக்கு நல்லது செய்யும் அது, கொஞ்சம் போனாலே குதிரையின் இதயத்தசையை அழித்துவிடும். மாட்டுத் தீவனம் அள்ளிய வாளியைக்கூட நாங்கள் உள்ளே விடுவதில்லை.

தவிடு? "தவிட்டுத் தண்ணீர் வைத்தால் மினுமினுவென்று இருக்குமே" என்பார்கள். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. நம் பக்கம் தாராளமாக வளரும் நேப்பியர் போன்ற வெப்பநாட்டுப் புல்லில் ஆக்சலேட் இருக்கிறது, அது இருக்கிற கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டையும் மாதக்கணக்கில் கொடுத்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும். முகத்து எலும்பு உப்பும், கால் நொண்டும். அந்தக் காலத்தில் மாவு மில்காரர்கள் வைத்திருந்த குதிரைகளுக்கு இது வந்ததால் மில்காரர் நோய் என்றே ஒரு பெயர் உண்டு.

இனி, அந்த இரவைச் சொல்ல வேண்டும். தாமானில் இருந்து ஒரு பெரியவர், நல்ல மனசோடு, திடலில் மெஷின் வைத்து வெட்டிய புல்லை இரண்டு சாக்கு கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். பச்சைப்பசேல் என்று இருந்தது. நான்தான் அள்ளி வைத்தேன். மெஷினில் அரைபட்ட புல் குவிந்து கிடந்தால் உள்ளே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறிப் புளிக்கும், குதிரை அதை மெல்லாமலே விழுங்கும் என்பதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. ராத்திரி ஒன்பது மணிக்குக் கறுப்பன் முன்னங்காலால் தரையைப் பிறாண்டத் தொடங்கினான். திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்த்தான். படுப்பான், எழுவான், மறுபடி படுப்பான். கழுத்தெல்லாம் வியர்வை. விலாவில் காதை வைத்தால் எப்போதும் கேட்கும் கடகட சத்தம் இல்லை. மருத்துவரைக் கூப்பிட்டுவிட்டு, தீனியை எல்லாம் எடுத்துவிட்டு, மழையில் மெல்ல நடத்திக்கொண்டே இருந்தோம். ஈப்போவில் இருந்து மருத்துவர் வந்து சேர நள்ளிரவு ஆகிவிட்டது. ஊசி போட்டு, மூக்கு வழியே வயிற்றுக்குக் குழாய் இறக்கினார். விடியற்காலை நாலு மணிக்கு நாலைந்து உருண்டை லத்தி விழுந்தது. பாக் இரண்டு கையையும் ஏந்தி அல்ஹம்துலில்லா என்றார், நான் முனியாண்டி சாமியை நினைத்துக்கொண்டேன்.

வயிற்றுவலி என்று சந்தேகம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாடு அதுவரை தாங்கும், குதிரை தாங்காது.

கொள்ளு கொடுக்கலாமா? ஆங்கிலத்தில் அதன் பெயரே 'ஹார்ஸ் கிராம்' ஆயிற்றே.

கொடுக்கலாம். இந்தியாவில் காலங்காலமாக வேகவைத்து ஆறவைத்துக் கொடுத்திருக்கிறார்கள். புரதம் அதிகம், அதனால் வேலை செய்யும் குதிரைக்கு மட்டும், அளவோடு. புல்லும் வைக்கோலும்தான் சோறு, கொள்ளு தொட்டுக்கொள்ள.

வெறும் புல்லிலேயே வளர்த்துவிட முடியாதா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளைக்கு உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடு, அதுவும் காய்ந்த எடையில். 450 கிலோவுக்கு 9 கிலோ. பச்சை நேப்பியரில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர், ஆகவே 45 கிலோ வெட்டிக்கொண்டு வர வேண்டும், ஒரு குதிரைக்கு, தினமும். எங்களுக்கு ஏழு. அதனால்தான் இறக்குமதி செய்த காய்ந்த புல்லையும் வாங்குகிறோம், காசு அதில்தான் கரைகிறது. குடிக்க நாளைக்கு 30 முதல் 50 லிட்டர் தண்ணீர், வெயில் நாளில் அதற்கும் மேல்.

குதிரை படுக்கவே படுக்காதாமே?

நின்றபடியே தூங்கும், கால் மூட்டைப் பூட்டிக்கொள்ளும் வசதி அதன் உடம்பில் இருக்கிறது. ஆனால் ஆழ்ந்து தூங்கக் கொஞ்ச நேரமாவது படுத்தே ஆக வேண்டும். படுத்திருக்கும் குதிரையைப் பார்த்துச் செத்துவிட்டது என்று போன் செய்யாதீர்கள். மூன்று பேர் செய்துவிட்டார்கள்.

ட்ரொட், கேன்டர் என்கிறீர்கள், ஒன்றும் புரியவில்லை.

காதால் கேளுங்கள், புரிந்துவிடும். நடக்கும்போது நாலு குளம்பும் தனித்தனியாக விழும்: த க தி மி. ட்ரொட்டில் குறுக்காக எதிரெதிரே இருக்கும் முன்கால், பின்கால் ஜோடியாக விழும்: த க, த க. கேன்டரில் மூன்று அடி, பிறகு ஒரு கணம் நாலு காலும் அந்தரத்தில்: த கி ட, ஒரு இடைவெளி, த கி ட. முழு ஓட்டத்தில் மறுபடி நாலு, படுவேகமாக. எங்களிடம் வரும் பையன்களில் உருமி மேளம் அடிப்பவன் ஒருவன் இருக்கிறான். மற்றவர்கள் இரண்டு மாதம் திணறியதை அவன் இரண்டாம் வாரத்தில் பிடித்துக்கொண்டான்.

திணறுவது ட்ரொட்டில். குதிரையின் முதுகு உங்களைத் தூக்கித் தூக்கிப் போடும். அதற்கு இசைந்து ஓர் அடிக்கு எழுந்து, அடுத்த அடிக்கு உட்கார வேண்டும். வட்டத்தின் வெளிப்பக்க முன்னங்கால் முன்னே போகும்போது எழுங்கள், அது தரையில் ஊன்றும்போது உட்காருங்கள். அங்கவடியை மிதித்து எழாதீர்கள், தொடையிலிருந்து எழுங்கள். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு எழுபவர்கள் அதன் வாயில் தொங்குகிறார்கள். வாயில் இருப்பது இரும்பு. உங்கள் கடைவாயில் ஒரு கரண்டியை வைத்து யாராவது இழுத்தால் எப்படி இருக்கும்? பிடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் பிடரி மயிரைப் பிடியுங்கள், அதற்கு வலிக்காது.

விழுந்தால்?

விழுவீர்கள். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்று பழமொழியே இருக்கிறது, ஆனால் எங்கள் குதிரைகள் குழி பறிப்பதில்லை. மெத்தென்ற மணல் வளையத்துக்குள்தான் பாடம். விழும்போது முதலில் கால்களை அங்கவடியிலிருந்து உருவுங்கள், கையை நீட்டி ஊன்றாதீர்கள், மணிக்கட்டு போய்விடும். தலை அடிபட்டால், தலை சுற்றினால், நேரே மருத்துவமனை. மானம் போகிறதே என்று உடனே திரும்ப ஏறச் சொல்கிறவர்கள் உண்டு, நாங்கள் சொல்வதில்லை.

இந்த வெயிலில் குதிரை தாங்குமா?

அதனால்தான் காலை 7 முதல் 9:30 வரையும், மாலை 5-க்கு மேலும் பாடம். மாடு அதிகம் வியர்க்காது. குதிரை நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்கும், வியர்வையில் உப்பும் அதிகம். கழுத்தில் வெள்ளையாக நுரைக்கிறதே, அது வியர்வையிலேயே இருக்கும் ஒரு புரதம் செய்யும் வேலை. உப்புக்கட்டி ஒன்று எப்போதும் லாயத்தில் தொங்கும்.

பயப்பட வேண்டியது வியர்க்காத குதிரையைக் கண்டுதான். குளிர்நாட்டிலிருந்து வந்த சில குதிரைகளுக்கு நம் புழுக்கத்தில் கொஞ்ச நாளில் வியர்வையே நின்றுவிடும். வெள்ளைக்காரன் காலத்திலேயே, வெப்ப நாடுகளுக்குக் கொண்டுவந்த குதிரைகளிடம் இதைக் கவனித்திருக்கிறார்கள். ஓட்டம் முடிந்து வந்த குதிரை மூச்சு வாங்குகிறது, உடம்பு கொதிக்கிறது, தோல் மட்டும் காய்ந்திருக்கிறது என்றால் சேணத்தைக் கழற்றி, நிழலில் நிறுத்தி, தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். சூடான உடம்பில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்பது பழைய பயம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன் நடந்த ஆய்வுகளில் அது தவறு என்று தெரிந்துவிட்டது.

சும்மா நிற்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். தாடை எலும்பின் உட்பக்கம் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். இதை எண்ணத் தெரியாதவரை மூன்றாம் மாதத்துக்கு அனுப்புவதில்லை.

இடி இடித்தால் எல்லோரும் இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

லாடம் அடித்தால் வலிக்காதா?

ஆணி போவது நம் நகத்தைப் போன்ற உணர்ச்சியில்லாத ஓரத்தில். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் வந்து சீவிவிட்டுப் போவார். மணலில் மட்டும் நடக்கும் எங்கள் குட்டைக் குதிரைகளுக்கு லாடமே இல்லை.

லாடத்தைவிடக் கவலை ஈரம். இங்கே பிற்பகல் மழை நிற்பதில்லை, தரை காய்வதில்லை. குளம்பின் அடியில் நடுவே முக்கோணமாக, ரப்பர் மாதிரி ஒரு பகுதி இருக்கும். அதன் இரு பக்கப் பள்ளத்தில் சேறும் லத்தியும் அடைத்துக்கொண்டால் அழுகிக் கறுப்பாகக் கசியும். கொக்கியால் குதிகாலிலிருந்து நுனியை நோக்கிச் சுரண்டி எடுங்கள், தினமும், ஏறுவதற்கு முன்னும் பின்னும். ஒரு தடவை அந்த நாற்றத்தை மூக்கு பிடித்துக்கொண்டால் பிறகு பார்க்கவே வேண்டாம், லாயத்துக்குள் நுழையும்போதே தெரிந்துவிடும்.

ஈ கடித்தால் ஏதாவது வருமா?

வரும். கடிக்கும் பெரிய ஈக்கள் 'சுர்ரா' என்ற இரத்த நோயைப் பரப்பும். மாட்டுக்கு அது அநேகமாக லேசாகப் போய்விடும், குதிரைக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்து, மெலிந்து, கால் வீங்கி, கவனிக்காவிட்டால் சாவுதான். மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் குதிரையைக் கட்டக் கூடாது என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். 2020-இல் ஆப்பிரிக்கக் குதிரை நோய் தாய்லாந்தில் பரவி, பிறகு மலேசியாவுக்கும் வந்தது, அதைப் பரப்புவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குட்டிப் பூச்சி. பொழுது சாயும் முன் குதிரைகளை உள்ளே கட்டி, வலை இறக்கி, மின்விசிறி போட்டுவிடுவோம். அந்தப் பூச்சியால் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது. தடுப்பூசிகளைக் கால்நடை மருத்துவர் சொல்கிறபடி போடுவோம், டெட்டனஸ் அதில் முதலாவது. பெரிய சிகிச்சை என்றால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

லாயத்தில் வேலை செய்யும் உங்களுக்கும் டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும்.

தோட்டத்துக்குள் சவாரி போகலாமா?

அனுமதி வாங்கிய பாதையில், பழகியவரோடு மட்டும். அந்தக் காலத்தில் துரைமார் குதிரையில் வந்து மலைக்காடு சுற்றிப் பார்ப்பார்களாம், தாத்தா சொல்வார். அன்று பால்மரக் காடு, கீழே திறந்த வெளி. இன்று செம்பனை. வெட்டிப் போட்ட மட்டையில் முள், குலை ஏற்றும் டிராக்டர், திடீரென்று குறுக்கே ஓடும் காட்டுப்பன்றி, எலிக்காகச் சுற்றும் நல்ல பாம்பு. மருந்து அடித்த இடத்தில் குதிரையை மேயவிடவே கூடாது. ஒரு வாய்தானே என்று அது தலையை இறக்கும், நீங்கள் விடாதீர்கள். போகும்போது கண்டுகொள்ளாத பிளாஸ்டிக் சாக்கை, திரும்பி வரும்போது மறுபக்கக் கண்ணில் பட்டதும் பேயைக் கண்டதுபோல் மிரளும், அதற்கும் தயாராக இருங்கள்.

அண்ணே, தம்பிக்குக் கல்யாணம். குதிரையில் ஊர்வலம் வைக்கலாமா?

கோயில் வாசலில் மதுரை வீரனை வெள்ளைக் குதிரையில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், ஆசை வருவது நியாயம். ஆனால் அந்தக் குதிரை சிமெண்ட்டில் செய்தது, பட்டாசுக்குப் பயப்படாது.

எங்களிடம் கேட்டால் மூன்று நிபந்தனை. மாப்பிள்ளை முன்கூட்டியே மூன்று தடவையாவது வந்து ஏறி இறங்கியிருக்க வேண்டும். பட்டாசு கிடையாது, உருமி மேளம் இருபது அடி முன்னால். குதிரையின் இரு பக்கமும் எங்கள் ஆட்கள் கயிறு பிடித்து வருவார்கள். ஒரு தடவை இதை எல்லாம் ஒப்புக்கொண்ட குடும்பம், மண்டபத்து வாசலில் காகிதத் துண்டுகளை வெடிக்க வைக்கும் குழாயை மட்டும் மறந்துவிட்டது. 'டப்' என்றதும் ராணி பக்கவாட்டில் ஒரே தாவு. மாப்பிள்ளை தலைப்பாகையோடு என் மேல் விழுந்தார். வேட்டி கட்டிக்கொண்டு இரண்டு கால்களையும் அகட்டி உட்காருவது எவ்வளவு சிரமம் என்பதை அப்போதுதான் ஊர் முழுக்கப் பார்த்தது. உள்ளே ஒரு கால்சட்டை போட்டுக்கொள்ளச் சொல்வது இப்போது நாலாவது நிபந்தனை.

சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன்.

பந்தயத்தில் இருந்து வெளியேறும் குதிரை சில சமயம் மலிவாகவே கிடைக்கும். வாங்குவது எளிது, வைத்திருப்பதுதான் பாடு. தீனி, ஆறு வாரத்துக்கு ஒரு லாடம், வருடத்துக்கு ஒருமுறை பல் அரம் போடுவது (அதன் பல் தேய்ந்துகொண்டே வளரும், ஓரம் கூர்மையாகி நாக்கைக் கிழிக்கும்), பூச்சி மருந்து, தடுப்பூசி, தினமும் இருபது கிலோ லத்தி. லத்திக்கு மட்டும் இங்கே போட்டி, கறிவேப்பிலைக்குப் போட அக்கம்பக்கத்து அக்காமார் சாக்கோடு வருகிறார்கள். தனியாக ஒரே குதிரையைக் கட்டி வைக்கக் கூடாது. கூட்டத்து மிருகம் அது, துணை இல்லாவிட்டால் மரத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும். முதலில் ஒரு வருடம் எங்களிடமோ வேறு எங்கேயோ, வேலை நாளிலும் வந்து பாருங்கள். மழை பெய்கிற செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கும் உங்களுக்கு அதே ஆசை இருந்தால், அப்போது பேசுவோம்.

எவ்வளவு நாளில் கற்றுக்கொள்ளலாம்? அதற்கு மேல் என்ன இருக்கிறது?

வாரம் ஒரு பாடம் என்றால், நடை, ட்ரொட், நிறுத்துவது, திருப்புவது ஆகியவை கைவர அரை வருடம். கேன்டர் அதற்குப் பிறகு. சிலருக்கு வருடம் ஆகும், அதில் வெட்கமில்லை.

மேலே போக விரும்பினால் தாண்டுதல், டிரெசாஜ் (குதிரையை நுணுக்கமாக அடியெடுத்து வைக்க வைப்பது) இரண்டுக்கும் கோலாலம்பூர் பக்கம் போக வேண்டியிருக்கும். எனக்குப் பிடித்தது தொலைதூர ஓட்டம். 2008-இல் உலகப் போட்டியே திரெங்கானுவில் நடந்தது, ஒரே நாளில் 160 கிலோமீட்டர். இதில் வேகத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் மருத்துவர் நாடி பார்ப்பார், குறித்த நேரத்துக்குள் நிமிடத்துக்கு 64-க்கு இறங்கவில்லை என்றால், முதலில் வந்தாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். நான் அதிகம் போனது 40 கிலோமீட்டர். அதில் பாதித் தூரம் இறங்கி, குதிரையோடு கூடவே நடந்தேன்.

வரும்போது குதிரைக்கு என்ன வாங்கி வரலாம்?

கேரட். வட்ட வட்டமாக நறுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். விரல் மாதிரி நீளவாக்கில் நறுக்குங்கள். உள்ளங்கையை விரித்து, பெருவிரலை ஒட்டி வைத்து நீட்டுங்கள். ரொட்டி சானாய், முறுக்கு, அபிஷேகத்துச் சர்க்கரைப் பொங்கல் எல்லாம் கொண்டுவருகிறார்கள். அவற்றை எங்களிடம் கொடுத்துவிடலாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.